38-க்கு 14 மில்லிமீட்டருக்குள் ஒரு பதவி: சொல் ஆக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலைச்சொற்களும் பதவிப் பெயர்களும் திட்டப் பெயர்களும் ஆக்கித் தருகிற குழுக்களில் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் தமிழைப் பாடமாகப் படித்தவன் இல்லை. டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருபது வருடமாக ரப்பர் ஸ்டாம்ப், பெயர்ப் பலகை, டி.டி.பி., ஜெராக்ஸ் எல்லாம் செய்து பிழைக்கிறவன். நீங்கள் ஒரு பெயரை ஆக்கி, அது அரசாணையில் ஏறி, அந்தப் பதவிக்கு ஒருவர் வந்து உட்கார்ந்ததும், அவருடைய ஆபீஸ் உதவியாளர் முதலில் வந்து நிற்பது என் கடை வாசலில்தான். நீங்கள் யோசிக்கும்போது அந்தப் பெயருக்கு நீளம் அகலம் கிடையாது. என்னிடம் வரும்போது அதற்கு இருக்கிற இடம் 38-க்கு 14 மில்லிமீட்டர், அதாவது செல்ஃப் இங்க் ஸ்டாம்பில் அதிகம் விற்கிற சைஸ். அதற்குள் பதவி, ஆபீஸ், வட்டம், மாவட்டம் எல்லாம் அடங்க வேண்டும்.

சமீபத்தில் ஒருவர் கையில் ஸ்டாம்ப் கூட்டையே வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே போட வேண்டிய வாசகம்: தனி வட்டாட்சியர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்). ஒன்பது பாயின்ட்டில் வைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. எட்டு, ஏழு என்று இறங்கி ஆறரையில் எப்படியோ உட்கார்ந்தது. அடித்துப் பார்த்தால் ட்டாவில் இருக்கிற புள்ளி மேலே பரவிப் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டது, மூகவின் கொக்கியில் மை அடைத்துவிட்டது, பாதுகாப்புவில் இருக்கிற ப்புவுக்குப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம். அப்புறம் அவரிடம் கேட்டுக்கொண்டு அடைப்புக்குள் ச.பா.தி. என்று மட்டும் போட்டேன். ஒரே வரி, பளிச்சென்று விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "அண்ணே, ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுறோம். ஆனா ஸ்டாம்புல முழுசா இருக்கணும்னு சார் சொல்லிட்டாரு." அந்த நேரம் ஜெராக்ஸுக்கு நின்றிருந்த ஒரு ஆத்தா அவரைப் பார்த்து, "தம்பி, ஓ.ஏ.பி. தாசில்தார் சீட்டுல இருக்காராப்பா?" என்று கேட்டார். ஓ.ஏ.பி. என்றால் முதியோர் உதவித்தொகை, அதைக் கவனிக்கிறவரும் இதே தனி வட்டாட்சியர்தான்.

ஒரு நாற்காலிக்கு மூன்று பெயர். ஒன்று நீங்கள் வைத்தது, ஒன்று எழுதுகிறவர்கள் வைத்தது, ஒன்று காத்து நிற்கிறவர்கள் வைத்தது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீளமான சொல் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழில் சொல் நீளமாவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. விண்ணப்பப் படிவங்களில் "கொடுக்கப்படாதவர்களுக்கும்" என்று ஒரு சொல் வரும். பார்த்தால் ரயில் மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு பெட்டியும் ஒரு சரக்கை ஏற்றிக்கொண்டு போகிறது. கொடுத்தல், அதைச் செய்தவர் யாரோ, நடக்கவில்லை, ஆட்கள், ஒருவரல்ல பலர், அவர்களுக்கு, அவர்களுக்கும்கூட. இதில் எதையாவது பிடுங்கினால் பொருள் போய்விடும். ஒட்டி ஒட்டிச் சொல் கட்டுகிற மொழி எல்லாவற்றிலும் இப்படித்தான். வாயில் வரும்போது அதையே "குடுக்கப்படாதவங்களுக்கும்" என்று சுருக்கிக்கொள்கிறோம், யாரும் யாரையும் அனுமதி கேட்பதில்லை.

வேதியியல் பெயர்களும் அப்படித்தான் நீள்கின்றன, பெயரைப் படித்தாலே மூலக்கூறின் அமைப்பு தெரிய வேண்டும் என்பதற்காக. நம் தசையில் இருக்கிற டைட்டின் என்ற புரதத்தின் முழு வேதிப்பெயரை எழுதினால் ஆங்கிலத்தில் 1,89,819 எழுத்து வருமாம். அகராதிக்காரர்கள் யாரும் அதைச் சொல் என்று சேர்ப்பதில்லை, அது வர்ணனை. இதுதான் விஷயம். பொருளுக்காக நீளும் சொல் வேறு, வர்ணனையைக் கொண்டுபோய்ப் பெயர் என்று நிறுத்துவது வேறு. நீங்கள் தருவதில் பாதி இரண்டாவது வகை.

கிராம நிர்வாக அலுவலரை எடுத்துக்கொள்வோம். 1980 வரைக்கும் ஊரில் கர்ணம் இருந்தார், மணியக்காரர் இருந்தார். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை அந்த வருடம் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது, நல்ல காரியம், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் பதவியோடு பெயரும் போயிற்று. "கர்ணம்" என்று இரண்டு முறை வாய் திறந்தால் முடிந்த வேலைக்கு, கி-ரா-ம-நிர்-வா-க-அ-லு-வ-லர் என்று பத்து முறை திறக்க வேண்டியதாயிற்று. ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை முறை சொல்ல வேண்டிய பெயர் அது! வயலில் நிற்கிறவர் அவரைத் தேடுகிறார், சான்றிதழுக்கு அலைகிற பிள்ளை தேடுகிறது, டீக்கடையில் அவர் வண்டி போனதைப் பார்த்தவர் சொல்கிறார். ஜனங்கள் என்ன செய்வார்கள்? வி.ஏ.ஓ. என்று ஆக்கிக்கொண்டார்கள். ஆங்கில மோகமெல்லாம் கிடையாது, ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்தான் வாய் நிறைய வி.ஏ.ஓ. என்கிறார்கள். பத்தை மூன்றாக்க ஒரு வழி வேண்டியிருந்தது, கைக்கு எட்டியது அது.

இதை ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். ஹார்வர்டில் ஜிப்ஃப் என்று ஒரு பேராசிரியர் 1930-களில் சொற்களை எண்ணி எண்ணிப் பார்த்து, அடிக்கடி புழங்குகிற சொல் குட்டையாக இருக்கும், எப்போதாவது வருகிற சொல் நீளமாக இருக்கும் என்று காட்டினார். 2011-ல் பியான்டடோசி, டிலி, கிப்சன் என்ற மூவர் அதில் இன்னொரு நூல் பிரித்தார்கள்: எத்தனை முறை வருகிறது என்பதைவிட, முன்னால் வரும் சொற்களை வைத்து அதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் சொல்லின் நீளம் அமைகிறது என்று. எனக்கு இதைப் படித்ததும் தாலுகா ஆபீஸ் வாசல்தான் கண்ணில் வந்தது. அங்கே "கம்யூனிட்டி வாங்கியாச்சா?" என்றால் சாதிச் சான்றிதழ். "நேட்டிவிட்டி" என்றால் இருப்பிடச் சான்றிதழ். சர்டிஃபிகேட் என்ற பின்பாதியை யாரும் சொல்வதில்லை, அந்த இடத்தில் நிற்கிறவர் வேறெதைக் கேட்கப் போகிறார்? கல்யாண மண்டபத்தில் போய் "கம்யூனிட்டி வாங்கியாச்சா" என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

இதில் தமிழ் தோற்கிறது என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். அதே வாசலில் பட்டா, சிட்டா, அடங்கல் என்று மூன்று சொல் எத்தனையோ தலைமுறையாக உருண்டுகொண்டிருக்கிறது, அவற்றை இன்னும் குறுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏற்கெனவே கூழாங்கல் மாதிரி தேய்ந்திருக்கின்றன. இன்னொன்று, வில்லங்கச் சான்றிதழ். அதை ஈ.சி. என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் "இடம் வாங்குறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாத்தியா?" என்று கேட்பவர்கள் இன்னும் நிறைய. சான்றிதழை வெட்டி எறிந்துவிட்டு வில்லங்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள்! சொல்லில் உயிர் இருந்தால் ஜனங்கள் அதைத் தமிழிலேயே வெட்டிக்கொள்கிறார்கள்.

உங்களில் சிலருக்கு வெட்டுவது என்றாலே கொச்சை என்று ஒரு பயம் இருக்கிறது. கூட்டங்களில் பேசுகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு நன்னூலில் மரூஉ என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்களே ஐயா. தஞ்சாவூர் தஞ்சை ஆனதை, "என் தந்தை" எந்தை ஆனதைப் பவணந்தியார் தவறு என்று தள்ளவில்லை, இயல்பு வழக்கு மூன்றில் ஒன்றாக உட்காரவைத்தார். அந்த வழியில்தான் திருநெல்வேலி நெல்லை ஆயிற்று, கோயம்புத்தூர் கோவை ஆயிற்று, நாகப்பட்டினம் நாகை ஆயிற்று. திருச்சிராப்பள்ளியைத் திருச்சி என்றதில் பள்ளியே காணாமல் போயிற்று, யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு கூட்டம் தனக்குள் மட்டும் புழங்குகிற சொல்லுக்குக்கூட குழூஉக்குறி என்று பெயர் வைத்து இடம் கொடுத்திருக்கிறார்கள், தட்டார்கள் பொன்னைப் "பறி" என்பது போல. அந்தக் கணக்கில் ச.பா.தி. எங்கள் தாலுகா ஆபீஸின் குழூஉக்குறி. உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைந்தால் அதற்கும் குற்றியலுகரம் என்று பெயர் சூட்டிய மொழி இது. தண்ணீரை உடைய குடத்தைத் தண்ணீர்க்குடம் என்று சொல்லி நடுவில் இருப்பதை விழுங்கிவிடுகிறோம். (அப்படி விழுங்குவதற்கு வைத்த பெயர், இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. சுருக்கத்துக்கு இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்த புண்ணியவானை நினைத்து ஒன்பதாம் வகுப்பில் நான் அழுதிருக்கிறேன்.)

மற்ற மொழிக்காரர்கள் நம்மைவிட முரட்டுத்தனமாக வெட்டுகிறார்கள். பஸ் என்ற சொல்லைப் பாருங்கள். 1820-களில் பிரான்சில் காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்று ஓட்டிய குதிரை வண்டிக்கு ஆம்னிபஸ் என்று பெயர். லத்தீனில் "அனைவருக்கும்" என்று பொருள். அதில் பஸ் என்பது வெறும் வேற்றுமை உருபின் வால். நாம் "அனைவருக்கும்" என்பதில் "க்கும்" மட்டும் எடுத்துக்கொண்டு "க்கும் வந்துருச்சு, ஏறு ஏறு" என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி! நம் ஊரில் முன்பாதியும் பிழைத்துக்கொண்டது, தனியார் சொகுசு பஸ்ஸுக்கு ஆம்னி என்று பெயர்.

சரி, முதலெழுத்துச் சுருக்கத்துக்கு வருகிறேன். இதில் நம் எழுத்துக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் பயன்படுத்துவதே இல்லை என்பது என் குறை. ஆங்கிலத்தில் டி.எம்.கே. என்று ஒவ்வோர் எழுத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். தமிழில் எழுத்துக்குள்ளேயே உயிர் இருப்பதால் தி.மு.க. என்று எழுதினால் அது தானாகவே "திமுக" என்று ஒரு சொல்லாக ஓடுகிறது. 1949-ல் ஆரம்பித்த கட்சி, 1972-ல் வந்த அதிமுக, அப்புறம் மதிமுக, பாமக, விசிக என்று கட்சிக்காரர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். சுவரில் எழுத இடம் குறைவு, மைக்கில் கத்த வேண்டும், அதனால் வாய்க்கு வருவதைத்தான் வைத்தார்கள். அரசு அலுவலகத்துக்கு அந்தக் கவலை இல்லை போலிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரையும் கி.நி.அ. என்று சுருக்கித்தான் பார்த்தார்கள், ஒட்டவில்லை. சொல்லிப் பாருங்கள், கடைசி "அ" நாக்கில் வழுக்கி விழுகிறது. உங்களுடைய பெயர்களில் பெரும்பாதி அலுவலர், அலுவலகம், அரசு, அமைச்சகம், ஆணையர், ஆட்சியர் என்று அ-ஆவிலேயே ஆரம்பிக்கிறது அல்லது முடிகிறது. ஆளுக்கொரு அ. அந்த ஓர் எழுத்தால் எவ்வளவு சுருக்கம் செத்துப் பிறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் கம்ப்யூட்டரில் எல்லாம் சேமித்து வைத்திருக்கிறேன்.

மோதலும் உண்டு. மு.க. என்றால் முதுகலையா, முதன்மைக் கல்வியா, மறைந்த முதல்வரின் முதலெழுத்தா? ஒரு முறை பள்ளிக்கூடத்துக்கு அடித்த ஸ்டாம்பில் முதுகலை ஆசிரியருக்கு மு.க.ஆ. என்று போட்டேன், ஆ-வின் சுழி சரியாகப் பதியாமல் மு.க.அ. ஆகிவிட்டது. முதுகலை ஆசிரியர் ஒரே நாளில் முதன்மைக் கல்வி அலுவலர்! தலைமையாசிரியர் அதை மேசை இழுப்பறையில் இன்னும் வைத்திருக்கிறார், பதவி உயர்வு தேவைப்பட்டால் பயன்படுமாம்.

ஆனால் நன்றாக விளைந்ததும் இருக்கிறது. வட்டார வளர்ச்சி அலுவலர் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் கிராம ஊராட்சிக்கு, ஒருவர் வட்டார ஊராட்சிக்கு. அடைப்புக்குள் கி.ஊ., வ.ஊ. என்று போட்டால் ஆபீஸில் எல்லாருக்கும் புரிகிறது. எல்லா அரசுக் கடிதத்திலும் மேலே ந.க.எண் என்று இருக்கும். இருபது வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் அதன் விரிவு என்ன என்று கேட்டதில்லை, ந.க.எண் சொல்லுங்கள் என்றால் சொல்கிறார்கள். சுருக்கம் முழுச்சொல்லாக வளர்ந்துவிட்டது. இலங்கையில் க.பொ.த. உ/த என்று செய்தித்தாளில் தினம் வருகிறது, கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரம். பேசும்போது ஏ.எல். என்பார்கள், ஆனாலும் எழுத்தில் தமிழ்ச் சுருக்கம் நிற்கிறது.

நீங்களே நன்றாகச் செய்ததும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் பாவம். கணிப்பொறி, மின்கணிப்பி என்றெல்லாம் சுற்றிவிட்டுக் கணினியில் வந்து நின்றீர்களே, அது வேலை. இணையம், அதுவும் வேலை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மின். மின்சாரம் என்பதில் சாரத்தைக் கழற்றிவிட்டு மின் என்று வைத்துக்கொண்டதும், மின்விசிறி, மின்தடை, மின்தூக்கி, மின்னஞ்சல் என்று எவ்வளவு குட்டி போட்டது பாருங்கள். பேருந்தும் பிழைத்துக்கொண்டது. மகிழுந்து பிழைக்கவில்லை, என் கடையில் அதைப் பலகையில் எழுதச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை. கார் என்ற ஒரே அசையை எதிர்த்து நான்கு அசை எப்படி ஜெயிக்கும், அதுவும் கார் நம் வாய்க்குப் பழகிய ஒலி, கார்மேகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தானே. தந்தியை யாரும் மறக்கக் கூடாது. தொலைவில் எழுதும் கருவி என்றெல்லாம் மொழிபெயர்க்காமல், கம்பிக்கு இருந்த மூன்றெழுத்துச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது, சொல் இன்னும் பத்திரிகையின் பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் பல்கலைக்கழகத்தைப் பல்கலை என்றும் முதலமைச்சரை முதல்வர் என்றும் வெட்டியது பத்தியின் அகலத்துக்காக. என் 38 மில்லிமீட்டர் மாதிரிதான் அவர்களுக்கும்.

இடம் என்றதும் செல்போன் ஞாபகம் வருகிறது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து போகும், தமிழ் என்றால் 70 இடம்தான், அதிலும் புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம், கால் வாங்கினால் ஓர் இடம். 2010-ல் மின்சார வாரியத்தைப் பிரித்தபோது வைத்த பெயர், தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம். உட்கார்ந்து எண்ணினேன், 48 இடம். அதற்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு "மின் கட்டணம் செலுத்தவும்" என்று சேர்த்தால் 73. மூன்று கூடிவிட்டது, இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை! ஜனங்கள் அன்றும் ஈ.பி., இன்றும் ஈ.பி.

ஜெர்மானியர்களைப் பாருங்கள், நீளத்தில் அவர்கள் நமக்கு அண்ணன்கள். மாட்டிறைச்சிக்கு லேபிள் ஒட்டுவதைக் கண்காணிக்கும் பொறுப்பை மாற்றிக் கொடுப்பதற்காக 1999-ல் ஒரு மாநிலத்தில் போட்ட சட்டத்தின் பெயரில் ஒரே சொல் 63 எழுத்து. 2013-ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம்: சட்டம் வரும்போதே அதற்கு அதிகாரப்பூர்வமான சுருக்கமும் கூடவே வருகிறது. மாணவர்களுக்குப் படிப்புச் செலவுக்கு உதவுகிற சட்டத்தின் நீளமான பெயரை பாஃபோக் என்று சுருக்கினார்கள், இன்றைக்கு அந்தப் பணத்துக்கே அதுதான் பெயர். "எனக்கு பாஃபோக் வருகிறது" என்கிறான் பையன், நம் ஆத்தா ஓ.ஏ.பி. என்கிற மாதிரி. ஒரே வித்தியாசம், அது அவன் மொழி.

நான் கேட்பது அதைத்தான். பெயரை அச்சிடும்போது சுருக்கத்தையும் அதே அரசாணையில், அதே வரியில் அச்சிடுங்கள். ஸ்டாம்பில் சுருக்கம் போட்டால் செல்லும் என்று எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் இப்போது ஒவ்வொரு சாரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார். முழுப் பெயரையே வைப்பதற்கு முன்னால், அந்த ஆள் செய்கிற வேலை எல்லாவற்றையும் பெயருக்குள் ஏற்ற வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள், தாசில்தார் என்ற சொல் தமிழ்க் காதுக்கு அவர் வேலை எதையும் சொல்வதில்லை, ஆனாலும் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஊருக்கே தெரியும். அலுவலருக்குப் பதிலாக வேறு ஏதாவது கிடைக்குமா பாருங்கள். பார்த்துவிட்டு ஒரு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள், அவர் எங்கே வெட்டுகிறாரோ அங்கேதான் ஊரும் வெட்டும். சென்னையில் 2019-ல் அந்தப் பெரிய ஸ்டேஷனுக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம் என்று பெயர் மாற்றினார்கள், ஆட்டோவில் ஏறினால் சென்ட்ரல்தான். 2023 கடைசியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையத்துக்கு டிக்கெட் கேட்கிறவர் கிளாம்பாக்கம் என்றுதான் கேட்கிறார். இரண்டு தலைவர்கள் மேலும் எனக்கு மரியாதை உண்டு, கண்டக்டருக்கும் உண்டு. ஆனால் வண்டி நகர வேண்டும்.

ச.பா.தி. ஸ்டாம்பை அந்த உதவியாளர் கொண்டுபோன மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார், சார் முழுசாகத்தான் வேண்டும் என்றுவிட்டாராம். பெரிய கூடாக வாங்கி வரச் சொல்லி அடித்துக் கொடுத்தேன், மூன்று வரி. பழையதைக் குப்பையில் போட மனசு வரவில்லை, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த சார் மாறிப் போகிறாராம், அடுத்த மாதம் புதியவர் வருவார் என்று பேச்சு. அதற்குள் உங்கள் குழு கூடினால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், ரப்பர் மிச்சமாகும்.

இப்படிக்கு,
தாலுகா ஆபீஸ் எதிரே ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரன்

பி.கு.: சுருக்கம் முடிவு செய்யும்போது கடைசி எழுத்தில் சுழியும் கொம்பும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. முதலில் மை அடைப்பது அங்கேதான்.